எடிட்டர் விட்டுச்செல்லும் நகல்

இணையதளங்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் வேலையில், பெரிய உத்திகளுக்குப் போகுமுன் உலாவியில் அந்தத் தளத்தின் கட்டமைப்புக் கோப்பின் பெயரைத் தட்டி, கடைசியில் ஒரு ~ குறியைச் சேர்த்துப் பார்ப்பேன். பெரும்பாலும் 404, அதாவது கோப்பு இல்லை என்ற பதில் வரும். சில தளங்களில் தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றும் அப்படியே திரையில் வந்து நிற்கும்.

அந்த ~ கோப்பை அங்கே வைத்தது எடிட்டர்தான், அதாவது கோப்புகளைத் திருத்தும் மென்பொருள். ஈமேக்ஸ் என்ற எடிட்டரில் ஒரு கோப்பைத் திறந்து முதல்முறை சேமிக்கும்போது, பழைய கோப்பு ~ சேர்த்த பெயருக்கு மாறும். புதியது அசல் பெயரில் எழுதப்படும். அதே அமர்வில் பிறகு எத்தனை முறை சேமித்தாலும் அந்த நகல் மாறாது. கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் போன்ற மென்பொருள்களின் கண்காணிப்பில் உள்ள கோப்புகளுக்கு ஈமேக்ஸ் வழக்கமாக நகல் எடுப்பதில்லை. கடவுச்சொல் இருக்கிறதே என்று நாம் கவனமாகக் கிட்டில் சேர்க்காமல் விட்ட கோப்புக்குத்தான் நகல் விழுகிறது!

விம் என்ற இன்னொரு எடிட்டர், சேமிக்கும்போது எடுக்கும் நகலை, எழுதி முடித்ததும் தானே அழித்துவிடும். ஆனால் திருத்தும் நேரம் முழுவதும், சேமிக்காத மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஒரு ஸ்வாப் கோப்பு, புள்ளியில் தொடங்கும் பெயருடன் பக்கத்திலேயே இருக்கும். 200 எழுத்துகள் தட்டினாலோ 4 விநாடி கை ஓய்ந்தாலோ அது புதுப்பிக்கப்படும். முறையாக வெளியேறினால் மறைந்துவிடும். தொலைவிலிருந்து சர்வரில் வேலை செய்ய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு நடுவில் அறுந்தால் அங்கேயே தங்கிவிடும். அறுந்த வேலையை மீட்டுத் தருவதும் அதே கோப்புதான் என்பதால் விம்மை நான் குறை சொல்ல மாட்டேன்.

தளத்தை வழங்கும் சர்வர், கோப்புப் பெயரின் வாலைப் பார்த்தே முடிவெடுக்கிறது. .பிஎச்பி என்று முடிந்தால் நிரலாக இயக்கி, விளைவை மட்டும் அனுப்பும். வாலில் ~ ஒட்டியிருந்தால் அதற்கு அது வெறும் உரை, கேட்டவருக்குக் கொடுத்துவிடும். புள்ளியில் தொடங்கும் கோப்புகளை அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருள் தானாக மறைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இயல்பு அமைப்பில் அது தடுப்பது .எச்டி என்று தொடங்குபவற்றை மட்டுமே.

நேரடிச் சர்வரில் எடிட்டரைத் திறக்காதீர்கள் என்பேன். அவசரத்தில் யாரும் கேட்பதில்லை. எனவே ஈமேக்ஸ், விம் இரண்டிலும் இந்தக் கோப்புகளை வேறு கோப்புறைக்கு அனுப்பும் அமைப்பை இயக்கிவையுங்கள். ~, .பிஏகே (நகல்), .எஸ்டபிள்யூபி (ஸ்வாப்) என்று முடியும் பெயர்களைச் சர்வரிலேயே மறுத்துவிடுங்கள். வேர்ட்பிரஸ் என்றால் கட்டமைப்புக் கோப்பைத் தளத்தின் கோப்புறைக்கு ஒரு படி மேலே வைக்கலாம். அது அங்கேயும் தேடி எடுத்துக்கொள்ளும்.

நகல் ஏதேனும் அகப்பட்டால், அழித்ததோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடுகிறார்கள். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு சர்வரின் அணுகல் பதிவுகளில் அந்தப் பெயரைத் தேடி, கோப்பு கொடுக்கப்பட்டது என்று பொருள்படும் 200 என்ற பதில் போயிருக்கிறதா என்று பாருங்கள். பழைய பதிவுகள் அழிந்திருந்தால், போயிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.