டெல்லி லைவில் அந்த ஒரு நொடி எங்கே போகிறது?

டெல்லி விஜய் சவுக்கில் நிற்கும் ரிப்போர்ட்டரிடம் சென்னை ஸ்டூடியோவிலிருந்து ஆங்கர் கேள்வி கேட்கிறார். ரிப்போர்ட்டர் உடனே பேசுவதில்லை. கேமராவையே பார்க்கிறார், தலையாட்டுகிறார், அப்புறம்தான் வாய் திறக்கிறார். பதில் தெரியாமல் முழிக்கிறாரோ என்று பார்ப்பவருக்குத் தோன்றும். டெல்லியில் தமிழ்ச் சேனல்களுக்காகப் பல வருடம் மைக் பிடித்தவன் நான். அந்த இடைவெளிக்குப் பின்னால் சுத்தமான இயற்பியல் இருக்கிறது.

ஓபி வேனின் (வெளியிலிருந்து நேரலை அனுப்பும் வண்டியின்) கூரையில் உள்ள டிஷ், தெற்கு வானத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அங்கே, நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள். அந்த உயரத்தில் அது பூமியைச் சுற்றிவரும் நேரமும் பூமி தன்னைத்தானே சுற்றும் நேரமும் ஒன்றாகிவிடுவதால், வானில் ஓரிடத்தில் நிற்பதுபோலத் தெரியும். டெல்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் போனால் சுமார் 2,200 கிலோமீட்டர். நம் குரலோ மேலே ஏறி இறங்க 72,000 கிலோமீட்டர் போகிறது. நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் கால் நொடி ஆகும்.

படத்தைச் சுருக்கி அனுப்பும் கருவியான என்கோடர் இன்னும் நேரம் பிடிக்கும். படத்தை அப்படியே அனுப்பினால் அலைவரிசை தாங்காது. அதனால் அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் அனுப்புகிறது. ஒப்பிடச் சில படங்களைக் கையில் பிடித்துவைத்தாக வேண்டும். டிஷ்ஷுக்குப் பதிலாக இப்போது பலரும் முதுகில் மாட்டும் பையில், மொபைல் நெட்வொர்க் வழியே படத்தை அனுப்பப் பல சிம் கார்டுகள் இருக்கும். துண்டு துண்டாகப் பிரிந்து போகும் தகவல் வரிசை தப்பி வந்து சேரும். மறுமுனை காத்திருந்து அடுக்கும். கூட்டம் கூடி டவர் திணறினால் இந்தக் காத்திருப்பைக் கூட்டிவைப்பார்கள். மொத்தத்தில் ஒரு நொடி, சில நேரம் அதற்கும் மேல்.

ஒரு நொடிதானே? மனிதப் பேச்சில் அது பெரிய நேரம். 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-ல் வெளிவந்த ஆய்வில், ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக 0.2 நொடிதான் இருந்தது. ஒரு சொல்லை யோசித்து வாய்க்குக் கொண்டுவரவே அரை நொடிக்கு மேல் ஆகும். ஆகவே எதிராளி முடிக்கும் முன்பே நம் மூளை பதிலைத் தயார் செய்கிறது. அந்த ஓட்டம் தாமதமானால், தயங்குகிறார், மறைக்கிறார் என்று காது தீர்ப்பெழுதிவிடும். ஆங்கரும் பொறுக்காமல் அடுத்த கேள்வியைப் போடுவார்; அதற்குள் முதல் பதில் வந்துசேரும்; இருவர் குரலும் மோதும்.

இன்னொரு தொல்லை இயர்பீஸில். நம் குரல் நமக்கே 0.2 நொடி கழித்துக் கேட்டால் நாக்கு குழறும். செயற்கைக்கோளின் கால் நொடி இதற்கு மிக அருகில் இருக்கிறது. அதனால் கன்ட்ரோல் ரூமில் நம் குரலை மட்டும் நீக்கிவிட்டு மிச்ச ஒலியை அனுப்புவார்கள். மிக்ஸ் மைனஸ் என்பது இதுதான். அது தப்பினால், அனுபவசாலியும் இயர்பீஸைப் பிடுங்கிவிட்டுத்தான் பேச வேண்டும்.

எங்களுக்குப் பழகிவிடும். எனக்குக் கவலை, முதல்முறை கேமரா முன் நிற்பவரைப் பற்றி. 2017-ல் தமிழக விவசாயிகள் மண்டையோடுகளோடு ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்தார்கள். கடன் தள்ளுபடி கேட்டு வந்தவரின் காதில் இயர்பீஸைச் செருகி, ஸ்டூடியோவிலிருந்தே கேள்வி கேட்டால், அவர் உண்மையைச் சொன்னாலும் ஒவ்வொரு பதிலும் ஒரு நொடி தயங்கித் தெரியும். அது அநியாயம்.

இதற்கு வழி உண்டு. ஸ்டூடியோ கேள்வியை ரிப்போர்ட்டர் தன் காதில் வாங்கி, பக்கத்தில் நின்று, "ஐயா, எத்தனை போகம் பொய்த்தது?" என்று தானே கேட்க வேண்டும். கேள்வியும் பதிலும் ஒரே மைக்கில், ஒரே பாதையில் போவதால் இரண்டும் ஒரே அளவு தாமதமாகும். அவற்றுக்கு நடுவே உள்ள இயல்பான இடைவெளி அப்படியே சென்னைக்குப் போய்ச்சேரும். தாமதம் முழுவதும் ரிப்போர்ட்டரின் தலையாட்டலில் விழும்.