கேட் விண்ணப்பத்தில் எந்தப் பிரிவைத் தேர்ந்தெடுப்பது? இட ஒதுக்கீடும் சான்றிதழும்

ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களில் சேர்க்கைக்கான கேட் நுழைவுத் தேர்வுக்கு வழக்கமாக ஆகஸ்ட் தொடக்கத்தில் பதிவு தொடங்கும். செப்டம்பர் நடுவில் முடியும். தேர்வு நவம்பர் கடைசி ஞாயிறன்று. கணக்குக்கும் ஆங்கில வாசிப்புக்கும் ஓராண்டு ஒதுக்குகிறவர்கள்கூட, விண்ணப்பத்தில் 'பிரிவு' என்ற இடத்தைக் கடைசி இரவில்தான் நிரப்புகிறார்கள். பதிவு முடிந்த பின்னால் திருத்தத்துக்குத் தரப்படும் சில நாட்களில் புகைப்படம், கையொப்பம், தேர்வு நகரம் ஆகியவற்றைத்தான் மாற்றலாம். பிரிவை மாற்ற முடியாது. ஆகவே சான்றிதழ் வேலையை ஜூன் மாதமே தொடங்கிவிடுங்கள்.

மத்திய கல்வி நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டு இட ஒதுக்கீட்டுச் சட்டப்படி பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) பிரிவில் கிரீமிலேயர், அதாவது வசதி படைத்தவர், அல்லாதோருக்கு 27 சதவீதம். 2019இல் வந்த 103ஆவது அரசியலமைப்புத் திருத்தம் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு, அதாவது இடபிள்யூஎஸ்ஸுக்கு, 10 சதவீதம் சேர்த்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீதம் தனிக் கூறு அல்ல. மேற்சொன்ன எல்லாப் பிரிவுகளுக்குள்ளும் குறுக்கே செல்வது. இதெல்லாம் ஐ.ஐ.எம்.களுக்கு. கேட் மதிப்பெண்ணை வாங்கிக்கொண்டு சேர்க்கை நடத்தும் தனியார் கல்லூரிகளில் இந்த ஒதுக்கீட்டை எதிர்பார்க்காதீர்கள்.

சலுகைகள் எல்லாப் பிரிவுக்கும் ஒன்றல்ல. பட்டப்படிப்பில் 50 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி என்றால் 45 போதும். 2025இல் கட்டணம் 2,600 ரூபாய். அதே மூன்று பிரிவினருக்கு 1,300. ஓபிசி, இடபிள்யூஎஸ் விண்ணப்பதாரருக்குக் கட்டணத்திலும் தளர்வில்லை, 50 சதவீத விதியிலும் தளர்வில்லை. அவர்களுக்கான பயன் இடங்களிலும் கட்-ஆஃபிலும் மட்டும்தான்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது ஓபிசியில். கையில் இருக்கும் பி.சி. அல்லது எம்.பி.சி. நிரந்தர சாதிச் சான்றிதழ் மாநில அரசுக்கானது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு வழிச் சேர்க்கைக்கு அது பயன்படும். கேட்டுக்குப் பயன்படாது. அங்கே வேண்டியது மத்திய அரசின் படிவத்தில், கிரீமிலேயரில் வரவில்லை என்று தாசில்தார் தரும் ஓபிசி சான்றிதழ். மாநிலப் பட்டியலில் இருக்கும் எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதால், முதலில் தேசியப் பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் இணையதளத்தில் உங்கள் சாதிப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது வருமானம். 2017 செப்டம்பரிலிருந்து கிரீமிலேயருக்கான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். இதைப் பார்த்ததும் "அப்பா அம்மா சம்பளம் சேர்த்தால் 13 லட்சம், நமக்குக் கிடையாது" என்று பொதுப் பிரிவில் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையே இல்லாத இழப்பு. பெற்றோர் இருவரும் எழுத்தர் போன்ற குரூப் சி நிலை அரசு ஊழியர்கள் என்று வைத்துக்கொள்வோம். சம்பளம் 13 லட்சம், ஊரில் நெல் வருமானம் 1 லட்சம், வீட்டு வாடகை 90 ஆயிரம். அரசுச் சம்பளமும் விவசாய வருமானமும் இந்தக் கணக்கில் சேராது. மிஞ்சுவது 90 ஆயிரம்தான்; ஆகவே கிரீமிலேயர் இல்லை. மாறாக, கடை லாபம் தொடர்ந்து மூன்று ஆண்டுகளும் 8 லட்சத்தைத் தாண்டினால் கிரீமிலேயர். அதில் ஓர் ஆண்டு குறைந்திருந்தாலும் இல்லை. உங்கள் சொந்தச் சம்பளம் கணக்கிலேயே வராது. பார்ப்பது பெற்றோரை மட்டும்.

பதவியைப் பார்த்து விலக்குவது வேறு விதி. தந்தையோ தாயோ குரூப் ஏ பதவியில் நேரடியாக நியமிக்கப்பட்டவர் என்றாலும், இருவருமே நேரடி குரூப் பி என்றாலும், வருமானம் பாராமல் கிரீமிலேயர்தான். பொதுத்துறை, தனியார் ஊழியர்களின் சம்பளத்தை எப்படி எடுப்பது என்பது நீதிமன்றம் வரை போன சிக்கல். அப்படிப்பட்ட குடும்பம் என்றால் சம்பளச் சீட்டுடன் தாலுகா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இடபிள்யூஎஸ்ஸிலும் 8 லட்சம்தான், ஆனால் கணக்கு தலைகீழ். சம்பளம், விவசாயம், வியாபாரம், உங்கள் சொந்த வருமானம் எல்லாம் சேரும். விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு முந்தைய நிதியாண்டு ஒன்றை மட்டும் பார்ப்பார்கள். 5 ஏக்கர் விவசாய நிலமோ, 1,000 சதுர அடி அடுக்குமாடி வீடோ, அறிவிக்கப்பட்ட நகராட்சியில் 100 சதுர கஜ மனையோ, மற்ற இடங்களில் 200 சதுர கஜ மனையோ இருந்தால் வருமானம் குறைவாக இருந்தும் தகுதி இல்லை. மத்திய அரசின் எஸ்.சி., எஸ்.டி., ஓபிசி பட்டியல்களில் வருபவர் இதில் விண்ணப்பிக்க முடியாது.

மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டுக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்ற மருத்துவச் சான்று வேண்டும். கூடுதல் நேரத்துக்கு அரசு விதி மணிக்கு 20 நிமிடம். கேட்டில் மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்பதால் கிடைப்பது பகுதிக்கு 13 நிமிடம் 20 விநாடி. மூன்றும் சேர்ந்து 160 நிமிடம். ஒரு பகுதியில் மிஞ்சிய நேரம் அடுத்ததற்குப் போகாது. பயிற்சித் தளங்களின் மாதிரித் தேர்வுகள் பெரும்பாலும் 40 நிமிடத்தில் நின்றுவிடும். அதிலேயே பழகினால் உண்மைத் தேர்வில் கடைசிப் 13 நிமிடத்தை என்ன செய்வதென்று தெரியாது. 53 நிமிடம் 20 விநாடிக்கு அலாரம் வைத்து, வினாக்களை அச்சிட்டுச் செய்து பாருங்கள். எழுத உதவியாளர் வருவார் என்றால், தரவு அட்டவணைகளை அவர் வாய்விட்டுப் படிக்க நீங்கள் கேட்டு விடை சொல்லும் பயிற்சி தனியாக வேண்டும். நேரத்தைத் தின்பது அதுதான்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் மூன்றைப் பாருங்கள். பெயரும் இனிஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே இருக்கிறதா? "ஆர். கார்த்திக்" ஓரிடத்திலும் "கார்த்திக் ராமசாமி" இன்னோரிடத்திலும் இருந்தால் சரிபார்ப்பில் கேள்வி வரும். படிவம் மத்திய அரசுடையதா? தேதி எது? எஸ்.சி., எஸ்.டி. சான்றுக்குக் காலாவதி இல்லை. ஓபிசி, இடபிள்யூஎஸ் சான்றுகள் நிதியாண்டைச் சார்ந்தவை. பதிவின்போது பதிவேற்றியதைத் தவிர, சேர்க்கை ஆண்டின் ஏப்ரல் 1க்குப் பிறகு பெற்ற புதிய சான்றையும் நிறுவனங்கள் கேட்பது வழக்கம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தாலும் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் என்று தாண்டித்தான் தாசில்தாருக்குப் போகும். ஏப்ரல் முதல் வாரமே மறுபடி விண்ணப்பித்துவிடுங்கள்.