கடுகுப் பூவுக்குள் ஒரு கத்தி, கூடவே அதன் உறை

"மரபணு மாற்றக் கடுகில் செல்லைக் கொல்லும் ஜீன் இருக்கிறதாமே, அதற்கு அரசின் நிபுணர் குழு எப்படிச் சம்மதம் சொன்னது?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படி ஒரு ஜீன் இருப்பது உண்மைதான். அது செடியின் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த விதிகள்தான் இதற்கெல்லாம் அடிப்படை. ஆய்வு நடக்கும் நிறுவனத்தில் ஒரு குழு, உயிரித் தொழில்நுட்பத் துறையில் ஒரு குழு, இரண்டுக்கும் மேலே சுற்றுச்சூழல் அமைச்சகத்தில் ஜிஇஏசி எனப்படும் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு. ஆனால் கடைசி வார்த்தை அதனுடையது என்று சொல்ல முடியாது. 2009இல் பி.டி. கத்தரிக்கு, அதாவது பூச்சியைத் தாங்கும்படி மரபணு மாற்றிய கத்தரிக்கு, அது பச்சைக்கொடி காட்டியது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பல நகரங்களில் மக்களிடம் கருத்துக் கேட்டுவிட்டு, 2010 பிப்ரவரியில் அதை நிறுத்தி வைத்தார்.

சரி, கடுகுக்கு வருவோம். கடுகுப் பூவில் ஆண், பெண் பாகங்கள் இரண்டும் உண்டு. பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்த்துவிடும். இரண்டு ரகங்களைக் கலந்து வீரிய விதை எடுக்க வேண்டுமானால், தாய்ச் செடியில் மகரந்தமே உருவாகாமல் செய்தாக வேண்டும். வயல் முழுக்க ஒவ்வொரு பூவிலும் மகரந்தப்பையைக் கையால் கிள்ளிக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

இங்கேதான் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா உதவிக்கு வருகிறது. பேசில்லஸ் அமைலோலிக்விஃபேசியன்ஸ் என்று பெயர். பார்னேஸ் என்ற சின்னஞ்சிறு புரதத்தை அது வெளியே விடுகிறது. 110 அமினோ அமிலங்கள்தான். ஆனால் ஆர்.என்.ஏ.வைக் கண்டால் வெட்டித் தள்ளிவிடும். ஆர்.என்.ஏ. போனால் புரதம் தயாராகாது, செல் செத்துவிடும். அப்படியானால் அந்த பாக்டீரியா மட்டும் எப்படிப் பிழைக்கிறது? பார்ஸ்டார் என்ற இன்னொரு புரதத்தைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. 89 அமினோ அமிலங்கள் கொண்ட இது, பார்னேஸின் வெட்டும் பகுதிமேல் கத்திக்கு உறை மாட்டியதுபோல் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. புரதங்களுக்கிடையே நாம் அறிந்த பிணைப்புகளில் மிக இறுக்கமானவற்றுள் இதுவும் ஒன்று.

பெல்ஜிய ஆய்வாளர்கள் 1990இல் செய்த வேலை எனக்கு இன்றும் வியப்பளிப்பது. பார்னேஸ் ஜீனுக்கு முன்னால் புகையிலையிலிருந்து எடுத்த ஒரு புரோமோட்டரை ஒட்ட வைத்தார்கள். ஜீன் எந்தத் திசுவில் விழிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் டி.என்.ஏ. துண்டு அது. டிஏ29 என்ற இந்தத் துண்டு டபீட்டத்தில்தான் விழிக்கும். பள்ளிப் பாடத்தில் படித்திருப்போமே, மகரந்தப்பைக்குள் வளரும் மகரந்தத்துக்கு ஊட்டம் கொடுக்கும் உள்ளடுக்கு. அது அழிந்ததும் மகரந்தம் உருவாவதில்லை. இலை, வேர், சூலகம் எல்லாம் வழக்கம்போல் வளரும். அங்கெல்லாம் ஜீன் இருக்கும், ஆனால் உறங்கிக்கொண்டிருக்கும். 'விஷக் கடுகு' என்று பயமுறுத்துபவர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

அப்புறம் ஒரு சிக்கல். விவசாயி அறுவடை செய்வதே விதையைத்தான். அவர் வயலில் பூக்கும் செடிக்கு மகரந்தம் வேண்டும். அதனால் தந்தை ரகத்தில் பார்ஸ்டாரை வைக்கிறார்கள். கலப்பினச் செடியில் இரண்டும் ஒரே டபீட்டத்தில் உருவாகும், பார்னேஸ் அடங்கிவிடும், பூ காய்க்கும். டெல்லி பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழு பொதுப்பணத்தில் உருவாக்கிய டிஎம்எச்-11தான் வாசகர் கேட்ட கடுகு. இதில் தாய் ரகமான வருணாவில் பார்னேஸும் தந்தை ரகமான ஏர்லி ஹீரா-2இல் பார்ஸ்டாரும் இருக்கின்றன.

என்னைக் கேட்டால், நிபுணர்கள் கவலைப்பட வேண்டியது மூன்றாவது ஜீனைப் பற்றித்தான். மலட்டுத் தாய்ச் செடியைச் சாதாரண வருணாவோடு சேர்த்துத்தான் பெருக்க முடியும். பிறப்பதில் பாதிதான் மலடாக இருக்கும். மீதியைப் பிரித்தெடுக்க, குளுஃபோசினேட் களைக்கொல்லியைத் தாங்கும் 'பார்' ஜீனைச் சேர்த்திருக்கிறார்கள். மருந்தடித்தால் வேண்டாத செடிகள் கருகிவிடும். ஆனால் இதே ஜீன் விவசாயியின் வயலுக்கும் வந்துவிடுகிறது, அவரும் அந்த மருந்தை அடிக்க முடியும். 2022 அக்டோபரில் இந்தக் கடுகை வெளியே விடலாம் என்று பரிந்துரை செய்த ஜிஇஏசி, களைக்கொல்லியை விதை உற்பத்திக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்று நிபந்தனை போட்டது. தேனீக்கள்மீதான விளைவை, செடியை வெளியே விட்ட பிறகு இரண்டு ஆண்டுகளுக்குள் ஆராயச் சொன்னது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் இந்த அனுமதி பற்றி மாறுபட்ட தீர்ப்பு தந்தார்கள். மரபணு மாற்றப் பயிர்களுக்கு ஒரு தேசியக் கொள்கை வேண்டும் என்பதில் ஒத்துப்போனார்கள்.

தேனீ ஆய்வு முன்பே முடிந்திருக்க வேண்டும், அதுவும் விதையை உருவாக்கியவர்கள் கையில் இல்லாத ஓர் ஆய்வகத்தில், அரசு செலவில். சோதனைத் தரவுகளை வெளியிடச் சொல்லி 2016இல் மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட வேண்டியிருந்தது என்பதே வருத்தமான விஷயம். 1989 விதிகளில் மாநிலக் குழுவும் மாவட்டக் குழுவும் இருக்கின்றன. களைக்கொல்லி நிபந்தனை வயலில் மீறப்படுகிறதா என்று பார்க்கக்கூடியவை அவைதான். அவற்றுக்கு ஆளும் பணமும் கொடுத்துவிட்டு விதையை வெளியே விடட்டும்.