ஐஸ் பிளாண்டில் கிராஃப் சொல்லாத கணக்கு

குளச்சல், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் பக்கத்து ஐஸ் பிளாண்டுகளுக்கு எனர்ஜி ஆடிட் (மின்செலவு ஆய்வு) செய்யப் போகும்போது, புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள் சென்சாரும் சாஃப்ட்வேரும் வரைந்த மின்சார கிராஃபைப் போனில் காட்டுகிறார்கள். மேற்குக் கரையில் ஒருவர், ஜூன் மாதம் யூனிட் பாதியாகக் குறைந்ததைப் பெருமையாகக் காட்டினார். குறையாமல் என்ன செய்யும்? அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். வள்ளங்கள் போனாலும் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இதிலும் ஒரு சிக்கல். சின்னமுட்டத்துக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு. தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இரண்டு கரையிலும் பிளாண்ட் வைத்திருப்பவர், மாத யூனிட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. ஒரு டன் ஐஸுக்கு எத்தனை யூனிட் என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் தடைக்காலத்தில் நிலைமை மோசமாகவே தெரியும். பாதி உற்பத்திக்கும் பிரைன் டேங்கில் (ஐஸ் உறையும் உப்புநீர்த் தொட்டி) நீரைக் கலக்கும் அஜிடேட்டர் முழுநேரமும் சுற்றுகிறது, எடுத்த வெப்பத்தை வெளியே விடும் கூலிங் டவரின் பம்பும் அப்படியே. மிச்சப்படுத்த வேண்டிய இடம் அதுதான்.

சரி, எத்தனை யூனிட் நியாயம்? இதை ஒரு பேப்பரில் போட்டுப் பார்க்கத் தெரிய வேண்டும். 30 டிகிரி தண்ணீரை 0 டிகிரிக்குக் கொண்டுவர கிலோவுக்கு 126 கிலோஜூல், உறைய வைக்க 334. ஒரு யூனிட் 3,600 கிலோஜூல் என்பதால், டன்னுக்கு ஏறக்குறைய 128 யூனிட் வெப்பத்தை வெளியே எடுக்கிறோம். கம்ப்ரசர் ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று யூனிட் வெப்பம் எடுத்தால் 43 யூனிட். பம்பு, அஜிடேட்டர், இன்சுலேஷன் இழப்பு சேர்ந்து 60 வந்தால் நான் கேள்வி கேட்கமாட்டேன். 90 வந்தால் கேட்பேன்.

கேட்க வேண்டிய முதல் ஆள் ஆபரேட்டர். "அண்ணாச்சி, ஹெட் பிரஷர் எப்போதிருந்து ஏறுது?" என்றால் (கம்ப்ரசரை விட்டு வெளியேறும் வாயுவின் அழுத்தம் அது) மாதத்தோடு சொல்வார். அதன் பிறகு கேஜைப் பாருங்கள். பிளாண்டைக் குளிர்விக்கும் அம்மோனியா, கண்டன்சரில் வாயுவிலிருந்து திரவமாகும் கண்டன்சிங் அழுத்தம், 35 டிகிரியில் கேஜ் கணக்கில் 12.5 பார். கண்டன்சரிலிருந்து வரும் திரவம் 35 டிகிரியில் இருக்க, கேஜ் 14 காட்டினால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. பர்ஜ் பண்ண வேண்டும், அதாவது அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். வெப்பமும் அழுத்தமும் சேர்ந்தே ஏறியிருந்தால் டியூபில் உப்புப் படிவு, இல்லையென்றால் கூலிங் டவர் சரியில்லை. கண்டன்சிங் வெப்பம் ஒரு டிகிரி கூடினாலே கம்ப்ரசருக்கு 2 முதல் 3 சதவீதம் மின்சாரம் கூடுதல். (பர்ஜ் வேலையை அம்மோனியா பழகியவர் மட்டும், முகமூடியோடு செய்யட்டும்.) சென்சார் இரண்டு எண்ணையும் தரும், இரண்டையும் சேர்த்துப் படிப்பது ஆளின் வேலை.

மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி எல்லோருக்கும் பிடித்த சாமான். விசிறியின் வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் ஏறக்குறைய பாதிதான், உண்மை. ஆனால் அஜிடேட்டரில் போட்டால் பிரைன் ஓட்டம் குறையும், ஐஸ் உறைய நேரம் நீளும். டன் கணக்கில் பார்த்த பிறகே முடிவெடுக்கலாம்.

அந்த டன் கணக்கு எந்தச் சென்சாரிலும் இல்லை. வாசலில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளையின் நோட்டில், எத்தனை ஐஸ் பார் (ஐஸ் கட்டி) வெளியே போனது என்று இருக்கிறது. அதைத் தினமும் யார் சிஸ்டத்தில் ஏற்றுவது என்று பேசி முடித்துவிட்டு, அப்புறம் சாஃப்ட்வேர் கொட்டேஷன் வாங்குங்கள்.