உள்ளுறைவெப்பக் கலவை: சொல் விளக்கம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில், பழைய சாமான் கடை ஒன்றில் போன மாதம் ஓர் ஈயச் சொம்பைப் பார்த்தேன். வாயும் கழுத்தும் வார்த்த அன்று இருந்தபடியே இருந்தன. அடிப்பக்கம் மட்டும் ஒரு பக்கமாக இளகி, சொட்டாக விழப்போகும் நேரத்தில் அப்படியே இறுகியிருந்தது. “ரசம் வத்துனது தெரியாம அடுப்புலயே விட்டுட்டாங்கண்ணே. ஈயம்ல, நிக்குமா?” என்றார் கடைக்காரர்.

வெப்பத்தைச் சேமித்து வைக்கும் உலோகக் கலவையை ஆங்கிலத்தில் ‘ஃபேஸ் சேஞ்ச் அலாய்’ என்பார்கள். அதற்குத் தமிழில் நான் எழுத நினைத்த சொல்லுக்கு விளக்கம் அந்தச் சொம்பிலேயே இருந்தது. ஈயச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, காரீயம் வேறு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியசில் உருகும். உள்ளே ரசம் கொதிக்கும்வரை சொம்பின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அடுப்பு தரும் வெப்பத்தையெல்லாம் ஆவியாகும் நீர் எடுத்துக்கொண்டு போய்விடும். ரசம் வற்றியதும் சூடு விறுவிறுவென ஏறும். 232-ஐத் தொட்டதும் மறுபடி நிற்கும். அதற்கு மேல் வரும் வெப்பம் ஈயத்தை உருக்கவே சரியாகப் போகும். அடுப்பை அணைத்தால், உருகிய ஈயம் இறுகும்போது வாங்கிய வெப்பத்தைத் திருப்பித் தந்துவிடும்.

இப்படி உருகும்போது வெப்பத்தை வாங்கி வைத்து, இறுகும்போது திருப்பித் தருவதற்கென்றே தேர்ந்தெடுத்த பொருளை ‘ஃபேஸ் சேஞ்ச் மெட்டீரியல்’ என்கிறார்கள். ‘ஃபேஸ்’ என்பதன் வேர் கிரேக்க மொழியில் ‘தோற்றம்’ என்ற பொருளுடையது. நிலவின் பிறைகளைக் குறித்து வந்த சொல். தமிழில் ‘நிலைமாற்றப் பொருள்’ என்று எழுதுகிறோம். இலங்கையில் ‘ஃபேஸ்’ என்பதற்கு ‘அவத்தை’ என்பார்கள். இரண்டும் தவறில்லை. ஆனால் பொருள் என்ன ஆகிறது என்பதைத்தான் இவை சொல்கின்றன, அதை நாம் எதற்காக வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்வதில்லை. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் கட்டியாவதும் நிலைமாற்றம்தானே?

எனக்குப் பிடித்த சொல் நம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது: உள்ளுறை வெப்பம். 1760-களில் ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக், பனிக்கட்டி உருகும்போது வெப்பமானியில் தெரியாமல் உள்ளே போய்விடும் வெப்பத்தைக் கண்டறிந்தார். அதற்கு ஆங்கிலத்தில் அமைந்த ‘லேட்டன்ட் ஹீட்’ என்ற பெயரின் லத்தீன் வேருக்கு ‘மறைந்திருத்தல்’ என்று பொருள். இலங்கை வழக்கான ‘மறைவெப்பம்’ அதை நேராகச் சொல்கிறது. ‘உள்ளுறை’ அதைவிட ஆழமானது. அகப்பாடலில் யானையையும் அருவியையும் வெளியே காட்டி, தலைவன் செயலை உள்ளே வைப்பதை உள்ளுறை என்றுதான் சொல்கிறோம். அப்புறம், ‘உறைதல்’ என்ற சொல்லைப் பாருங்கள். தங்கியிருத்தல் என்றும் பொருள், கட்டியாதல் என்றும் பொருள். உள்ளே உறைந்த வெப்பம், பொருள் உறையும்போது வெளியே வருகிறது. இந்தச் செயல் முழுவதையும் ஒரே வினைச்சொல்லில் அடக்கிய மொழியில் எழுதுகிறோம் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

இனி ‘அலாய்’. ‘சேர்த்துக் கட்டுதல்’ என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. நாம் ‘உலோகக் கலவை’ என்கிறோம், இலங்கையில் ‘கலப்புலோகம்’. வெப்பச் சேமிப்புக்குத் தனி உலோகத்தைவிடக் கலவை ஏன் என்று பொற்கொல்லரைக் கேட்டால் பற்றாசைக் காட்டுவார். நகையை ஒட்டவைக்கும் பற்றாசு, நகைக்கு முன்பே உருகவேண்டும். இல்லாவிட்டால் நகையே போய்விடும். பொன்னோடு வேறு உலோகங்களைச் சேர்த்து உருகுநிலையை இறக்குவது அதற்காகத்தான். வெப்பச் சேமிப்பிலும் அப்படித்தான், நமக்கு வேண்டிய சூட்டில் உருகும்படி கலவையை அமைத்துக்கொள்ளலாம். வெண்பாவில் இரண்டாம் அடியின் தனிச்சொல் முன்சீரோடு ஒட்டாதபோது ஓரிரு அசைகளை இடையில் வைப்பதை ‘ஆசு’ என்று யாப்பிலக்கணக்காரர்கள் சொன்னதும் இந்தப் பட்டறையிலிருந்து எடுத்துத்தான்.

சில பொருள்களைக் கலக்கும் விகிதங்களிலேயே மிகக் குறைந்த சூட்டில், ஒரே வெப்பநிலையில் முழுதும் உருகும் விகிதத்துக்கு ‘யூடெக்டிக்’ என்று 1884-இல் பிரிட்டிஷ் அறிவியலாளர் ஃபிரெடெரிக் கத்ரி பெயர் வைத்தார். ‘நன்றாக உருகுவது’ என்று பொருள். ‘நல்லுருகு கலவை’ என்று நான் எழுதுகிறேன். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், சிலிக்கான் 1,414 டிகிரியில். எடையில் ஏறக்குறைய 12 சதவீதம் சிலிக்கானைச் சேர்த்த அலுமினியமோ 577 டிகிரியிலேயே உருகிவிடும். உருகும்போது கிலோவுக்குச் சுமார் 500 கிலோஜூல் உள்ளே போகும். ஒன்றரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும்.

மெழுகிலும் வெப்பத்தைச் சேமிக்கலாம், ஆனால் இறுகும் மெழுகு சுவரில் படிந்து, உள்ளே இருக்கும் சூட்டை வெளியே விடாது. அலுமினியக் கலவை வெப்பத்தை மெழுகைவிடப் பல நூறு மடங்கு நன்றாகக் கடத்தும். குறையும் உண்டு. உருகிய அலுமினியம் இரும்புப் பாத்திரத்தையே கரைத்துத் தின்னும். ஆஸ்திரேலியாவின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் இதற்கு அழகான வழி கண்டார்கள்: கிராஃபைட் கட்டிக்குள் அலுமினியத் துகள்களைப் பொதிந்துவிட்டார்கள். கொழுக்கட்டைக்குள் பூரணம் இளகினாலும் கொழுக்கட்டை உருக்குலையாது அல்லவா, அதுபோல அலுமினியம் உருகினாலும் கிராஃபைட் கட்டி குலையாமல் அப்படியே இருக்கும்.

ஆகவே பொருளுக்கு ‘உள்ளுறைவெப்பக் கலவை’ என்றும், அதை அடுக்கிய அமைப்புக்கு ‘வெப்பக்கலம்’ என்றும் எழுதலாம். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் 1953-இல் திறக்கப்பட்டது. மின்கலம் என்ற சொல் இந்த ஊருக்குப் புதிதல்ல. மின்சாரத்தை வைக்கும் கலம் மின்கலம் என்றால், பகல் வெயிலின் சூட்டை இரவுக்கு வைக்கும் கலம் வெப்பக்கலம்தான்.