தாளில் பளபளப்பு மங்கும் நேரம்

நீர்வண்ணத்தில் வானம் தீட்டிப் பழகும் எவரும் இந்த விபத்திலிருந்து தப்பியிருக்க மாட்டார்கள். நீலத்தை நன்றாக நீர்க்கக் கரைத்துத் தாளின் மேல் விளிம்பிலிருந்து கீழ்நோக்கிச் சீராக இழுத்து வருகிறோம். அது பாதி காய்ந்திருக்கும் வேளையில், ஓர் ஓரத்தில் நிறம் சற்றுக் குறைந்து தெரிகிறதே என்று தூரிகையை நனைத்து ஒரே ஒரு முறை தொடுகிறோம். சற்று நேரத்தில் அந்த இடத்தில் வெளிறிய வட்டம் ஒன்று விரிந்து, அதன் சுற்றுவிளிம்பு காலிஃபிளவரைப் போல நெளிநெளியாக அடர்ந்து நின்றுவிடுகிறது. ஓவியர்கள் இதை 'ப்ளூம்' என்பார்கள். பொழுதுபோக்காக வரையத் தொடங்கிய பலர் இதைத் தங்கள் திறமைக் குறைவென்று எண்ணி வண்ணப் பெட்டியை மூடிவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால் அங்கே நடந்தது நீரும் தாளும் சேர்ந்து செய்த வேலை. அந்த வேலையின் விதிகளை நம் கை கற்றுக்கொள்ள முடியும். ஆனால் அது கற்றுக்கொள்ளும் விதம், மூளை ஒரு செய்தியைக் கற்றுக்கொள்ளும் விதத்திலிருந்து வேறுபட்டது.

முதலில் பொருள்களைப் பார்ப்போம். நீர்வண்ணம் என்பது மிக நுண்ணியதாக அரைத்த நிறமியும் அதைத் தாளோடு பிணைக்கும் அராபிக் பிசினும் சேர்ந்த கலவை. வேல மர வகைகளில் சிலவற்றின் பட்டையிலிருந்து கசியும் இந்தப் பிசின் நீரில் எளிதாகக் கரையும். காய்ந்ததும் மெல்லிய படலமாக இறுகும். மறுபடி நீர் பட்டால் மறுபடி இளகும். பெட்டியில் ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்த வண்ணக்கட்டி ஈரத் தூரிகை பட்டதும் உயிர்பெறுவது இதனால்தான். தாளோ செல்லுலோஸ் இழைகளின் பின்னல். செல்லுலோஸ் நீரை ஈர்க்கும் பொருள் ஆகையால், வெறும் இழைத்தாளில் வண்ணம் வைத்தால் மையொற்றும் தாளில் மை பரவுவதுபோலப் பரவிப் போய்விடும். அதைத் தடுக்க, நீர்வண்ணத் தாளுக்கு ஜெலட்டின் போன்ற பொருள்களைக் கொண்டு பசையேற்றுகிறார்கள். இந்தப் பசையேற்றத்தின் பயனாக நீர் உடனே உள்ளே போகாமல் சில நிமிடங்கள் தாளின் மேலேயே தங்குகிறது. நீர்வண்ணக் கலையில் நடப்பதெல்லாம் பெரும்பாலும் அந்தச் சில நிமிடங்களில் நடப்பவைதாம். மெல்லிய தாள் நனைந்ததும் நெளிந்து ஆங்காங்கே குட்டை கட்டிக்கொள்வதற்குக் காரணம், இழைகள் நீரை உறிஞ்சும்போது நீளவாக்கைவிடக் குறுக்குவாக்கில் அதிகமாக ஊதுவது. சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளை அனுபவசாலிகள் வற்புறுத்துவது வெறும் ஆடம்பரத்துக்காக அன்று.

தாளின் மேல் தங்கிய அந்த நீருக்குள் என்ன நடக்கிறது என்பதை 1997-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் அழகாகத் தெளிவாக்கின. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து பணியாற்றிய காசிடி கர்டிஸும் அவருடைய குழுவினரும் கணினியில் நீர்வண்ணத்தைப் போலச்செய்ய முயன்றபோது, அதை மூன்று அடுக்குகளாகப் பிரித்துக் கணக்கிட்டார்கள்: தாளின் மேல் ஓடும் ஆழமற்ற நீர், அந்த நீரிலிருந்து தாளில் படிவதும் தாளிலிருந்து மீண்டும் நீருக்குள் எழும்புவதுமாக இருக்கும் நிறமி, தாளின் நுண்துளைகளுக்குள் மெல்லப் பரவும் ஈரம். அதே ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் டீகனும் உடன் ஆய்வாளர்களும் மேசையில் சிந்திய காப்பித்துளி காயும்போது ஏன் ஓரத்தில் மட்டும் கரும் வளையமாகப் படிகிறது என்பதை விளக்கினார்கள். துளியின் விளிம்பு பரப்பின் மேல் ஒட்டி நின்றுவிடுகிறது. நீர் மிக வேகமாக ஆவியாவது அந்த விளிம்பில். அங்கே இழந்த நீரை ஈடுசெய்ய நடுவிலிருந்து நீர் வெளிநோக்கி ஓடுகிறது. ஓடும் நீர் தன்னோடு துகள்களையும் இழுத்துச் சென்று ஓரத்தில் குவிக்கிறது. உலர்ந்த தாளில் இட்ட ஒவ்வொரு தீற்றலின் ஓரத்திலும் மெல்லிய அடர்கோடு தோன்றுவதற்கும் இதுவே காரணம்.

ப்ளூம் உருவாவது இதன் இன்னொரு முகம். பாதி காய்ந்த பூச்சின் மேல் நீர் மிகுந்த தூரிகை படும்போது, புதிதாக வந்த நீர் ஈரம் குறைந்த பகுதியை நோக்கிப் பரவுகிறது. இன்னும் இறுகாத நிறமியைக் கிளறித் தள்ளிக்கொண்டு போகிறது. ஓட்டம் தளரும் இடத்தில் அதைப் போட்டுவிடுகிறது. தாளின் ஈரமும் தூரிகையின் ஈரமும் சமமாக இருந்தால் இது நேராது. தூரிகை தாளைவிட உலர்ந்திருந்தாலும் நேராது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த நொடியில் எது அதிக ஈரமாக இருக்கிறது, தாளா, தூரிகையா?

அதைக் காட்டிக்கொடுப்பது பளபளப்பு. தாளைக் கண்மட்டத்துக்குச் சாய்த்து வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால், முதலில் நீர் கண்ணாடிபோல ஒளியைத் திருப்பித் தரும். பிறகு அது பட்டுத்துணியின் மினுமினுப்பாகத் தணியும்; தாளின் மேடுபள்ளங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். அதன் பின் மினுமினுப்பு அடியோடு மறைந்து, தொட்டால் மட்டும் குளிர்ச்சி தெரியும் நிலை வரும். கடைசியாக முழு உலர்வு. கண்ணாடிப் பளபளப்பில் வைத்த நிறம் கட்டுக்கடங்காமல் ஓடும். பட்டு மினுமினுப்பில் வைத்தது ஓரம் மட்டும் மென்மையாகக் கரைந்து நிற்கும். மினுமினுப்பு மறைந்த பின்பு நீர் வைத்தால்தான் பெரும்பாலும் ப்ளூம் விழும். எத்தனை நிமிடத்தில் எந்த நிலை வரும் என்று யாரும் எழுதித் தர முடியாது. காற்றின் ஈரப்பதம், தாளின் தடிமன், ஊற்றிய நீரின் அளவு ஆகியவை மாறமாற அதுவும் மாறும்.

நான் பல மாதங்களாகச் செய்துவரும் ஒரு சிறு பயிற்சியைச் சொல்கிறேன். ஒரு தாளில் பென்சிலால் பத்துக் கட்டங்களை வரிசையாகப் போட்டு, எல்லாவற்றையும் ஒரே நீலக் கரைசலால் அடுத்தடுத்து நிரப்புகிறேன். பிறகு முதல் கட்டத்தில் உடனே ஒரு துளி நீர் வைக்கிறேன். ஒரு நிமிடம் கழித்து இரண்டாவதில். மறு நிமிடம் மூன்றாவதில். முதற்கட்டத்தில் துளி எங்கே விழுந்தது என்றே தெரியாமல் கரைந்துபோகிறது. மூன்றாவதில் வெளிறிய புகைபோல ஒன்று தெரிகிறது. ஐந்தாவதிலோ ஆறாவதிலோ, அன்றைய காற்றைப் பொறுத்து, பற்கள் வைத்த விளிம்போடு முழு ப்ளூம் பூக்கிறது. ஒன்பதாவதில் பூச்சு ஏறத்தாழ உலர்ந்திருப்பதால், துளியின் அளவுக்கு ஒரு வட்டக்கறை மட்டும் மிஞ்சுகிறது. விபத்து என்று அஞ்சிய ஒன்றை இப்படிப் பத்துப் படிகளாகக் கண்ணெதிரே வரிசைப்படுத்தி வைத்த நாளில்தான் எனக்கு நீர்வண்ணத்தின் மேல் பயம் விட்டது. அதற்குப் பின் வேண்டுமென்றே ப்ளூம் வைத்து மரத்தின் இலைத்திரளைக் காட்டவும் முடிந்தது.

இன்னொன்றையும் கண் பழக வேண்டும். ஈரமாக இருக்கும்போது செழுமையாகத் தெரிந்த நிறம் காய்ந்ததும் வெளிறிவிடும். இழைகளுக்கு நடுவே காற்று இருக்கும்போது, காற்றின் ஒளிவிலகல் எண் (ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) ஏறத்தாழ 1, செல்லுலோஸின் எண் ஏறத்தாழ 1.5 என்பதால், ஒளி ஒவ்வோர் எல்லையிலும் சிதறி வெண்மையாகத் திரும்புகிறது. அந்த இடைவெளிகளை 1.33 எண்ணுடைய நீர் நிரப்பியதும் வேறுபாடு குறைகிறது, சிதறல் தணிகிறது, ஒளி ஆழமாக நுழைந்து அதிக நிறமியைச் சந்தித்து வருகிறது. நனைந்த துணி கருத்துத் தெரிவதும் இதே காரணத்தால்தான். எனவே, தாளில் சரியாகத் தெரியும் நிறம் சரியான நிறமாக இருக்காது; ஒரு படி அடர்த்தியாகவே வைக்க வேண்டும். அந்த 'ஒரு படி' எவ்வளவு என்பதும் நிறமிக்கு நிறமி மாறும். அல்ட்ராமரைன் நீலத்தின் துகள்கள் தாளின் பள்ளங்களில் மணல்போல மணிமணியாகப் படியும். 1930-களில் விற்பனைக்கு வந்த தாலோ நீலமோ மிக நுண்ணிய துகள்களால் ஆனதால் இழைகளுக்குள் புகுந்து அழியாத கறையாகப் பற்றிக்கொள்ளும்.

வண்ணத்துக்கு முந்தையது கோடு. அதில் குறுக்கே நிற்பது நம் மூளையின் நல்லெண்ணம். நிலைக்கண்ணாடியின் எதிரே நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கண்ணாடியின் மேல் தெரியும் உங்கள் முகத்தின் வெளிக்கோட்டைச் சோப்புத் துண்டால் வரைந்து பாருங்கள். பிறகு அதை அளந்தால், உண்மையான முகத்தில் சரிபாதிதான் இருக்கும். நாள்தோறும் பார்த்தும் நாம் இதைக் கவனிப்பதில்லை. முகத்தின் அளவு மூளைக்குத் தெரியும் ஆகையால் அது அந்த அளவையே நமக்குக் காட்டுகிறது. தொலைவில் வரும் மனிதர் எறும்பாகத் தெரியாமல் மனிதராகவே தெரிவதும், நிழலில் கிடக்கும் வெள்ளைத்துணி வெள்ளையாகவே தோன்றுவதும் இந்தத் திருத்தத்தால்தான். வாழ்வதற்கு இது பேருதவி, வரைவதற்குத் தடை. கையை முழுவதும் நீட்டிப் பென்சிலைப் பிடித்து அளப்பதும், கண்ணைச் சுருக்கி நுண்விவரங்களை மங்கலாக்கி ஒளியையும் நிழலையும் மட்டும் பார்ப்பதும், மூளை செய்த திருத்தத்தைத் தற்காலிகமாக விலக்கிவைக்கும் வழிகள்.

இவையெல்லாம் தெரிந்த பின்பும் கை ஏன் தவறுகிறது? தெரிந்துகொள்வதும் கைவரப் பெறுவதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்பதே விடை. இதற்கு மிகத் தெளிவான சான்று தந்தவர் ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கர். வலிப்பு நோய்க்காக 1953-இல் செய்த அறுவையில் மூளையின் இருபுறமும் புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் பெரும்பகுதி அகற்றப்பட்ட பிறகு, புதிதாக நடந்த எதையும் அவரால் நினைவில் வைத்துக்கொள்ள இயலவில்லை. மாண்ட்ரியாலைச் சேர்ந்த உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு வரையும் வேலை ஒன்று கொடுத்தார்: தாளை நேராகப் பார்க்காமல், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து, ஒரு நட்சத்திரத்தின் இரட்டைக் கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். மூன்று நாள் பயிற்சியில் அவருடைய பிழைகள் நாளுக்கு நாள் குறைந்தன. ஆனால் முந்தைய நாள் அதைச் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. அவர் மறந்துபோனதை அவருடைய கை மறக்கவில்லை. தூரிகையின் ஈரத்தை விரல்களால் உணர்வதும் இதே வகை நினைவில் சேர்வது. புத்தகம் படித்தோ காணொளி பார்த்தோ அதை நிரப்ப முடியாது.

அந்த நினைவு எப்படிச் சேர்கிறது? இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு, ஆலன் பாட்லியும் லாங்மனும் 1978-இல் வெளியிட்டது. பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பலகையில் பயிற்சி தந்தபோது, சிலருக்கு நாளுக்கு ஒரு மணி நேரமும், சிலருக்கு இரண்டு மணி நேரமும், சிலருக்கு நான்கு மணி நேரமும் வகுத்தார்கள். அதே திறனை எட்டுவதற்கு மிகக் குறைந்த மொத்த நேரம் எடுத்துக்கொண்டவர்கள், நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள். ஆனால் தங்கள் பயிற்சி முறையைப் பற்றி மிகக் குறைவாகத் திருப்திப்பட்டவர்களும் அவர்களே. நாள்கணக்கில் பார்த்தால் தாங்கள் பின்தங்குவதாக அவர்களுக்குத் தோன்றியது. நாள்தோறும் ஒரு சிறு பக்கம் வரைகிறவருக்கு 'முன்னேற்றமே இல்லை' என்று தோன்றுவது இதே போன்ற மயக்கம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஞாயிறு முழுவதும் உட்கார்ந்து தீட்டுவது நிறைவாக இருக்கலாம். அதே நேரத்தை வாரம் முழுவதும் பகிர்ந்து கொடுத்தால், இடைவெளிகளும் இரவு உறக்கமும் பயிற்சியின் பகுதியாகிவிடுகின்றன.

அந்த அன்றாடத்தை வழக்கமாக்குவது பற்றியும் நல்ல செய்தி உண்டு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வில், ஒரு புதுச் செயல் தானாக வரும் பழக்கமாக மாற எடுத்த காலம் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. நடுமதிப்பு 66 நாள். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை. காலை உணவுக்குப் பின் என்பதுபோல, ஏற்கெனவே இருக்கும் ஒரு செயலோடு புதியதைக் கட்டிவைப்பதே அங்கே அடிப்படை. ஆகவே பெட்டியும் தூரிகையும் மேசை மேலேயே திறந்திருக்கட்டும். களைத்த நாளில் ஒரே ஒரு சீரான பூச்சு போதும்.

முன்னேற்றம் உள்ளுக்குள் தெரியாது என்பதால், வெளியே சான்று வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் தேதியையும், பயன்படுத்திய நிறமிகளின் பெயரையும், பளபளப்பு மறைய எடுத்த நேரத்தையும் எழுதிவைக்கிறேன். நான்கு மாத இடைவெளியில் உள்ள இரண்டு பக்கங்களை அருகருகே விரித்தால் தெரியும் வேறுபாடு, அடுத்தடுத்த இரண்டு நாள்களில் ஒருபோதும் தெரியாது. அந்தச் சான்றும் ஒளியில் அழியக்கூடியது. நீர்வண்ணங்களின் மேல் ஒளி செய்யும் வேலையைப் பற்றி 1888-இல் பிரிட்டனில் ரஸ்ஸலும் ஆப்னியும் அளித்த அறிக்கை, காற்றும் ஈரமும் நீக்கப்பட்ட குழாயில் ஒளி பட்டும் பெரும்பாலான நிறங்கள் மங்காமல் இருந்ததைப் பதிவு செய்தது. காற்றையும் ஈரத்தையும் நாம் நீக்க முடியாவிட்டாலும், மூடிய வரைநோட்டுக்குள் ஒளியே நுழைவதில்லை என்பதால், சட்டமிட்டு மாட்டிய ஓவியத்தைவிட அது பாதுகாப்பானது. இதைச் சோதிக்க அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பில் மெல்லிய பட்டை ஒன்று தீட்டி, பாதியைக் கருப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலில் சில மாதங்கள் வைத்திருந்தேன். அட்டையை எடுத்தபோது, திறந்திருந்த பாதி பழைய காகிதத்தின் நிறத்துக்கு அருகில் வந்திருந்தது. மூடியிருந்த பாதி தீட்டிய அன்று இருந்ததுபோலவே சிவந்திருந்தது.