நார்கோலெப்சி: துயில் கவ்வும் நோய்க்குத் தமிழில் என்ன பெயர்?

நார்கோலெப்சி என்ற பெயரை 1880-இல் வைத்தவர் ழான் பத்தீஸ்த் எதுவார் ழெலினோ. பிரெஞ்சுக் கடற்படையில் மருத்துவராக இருந்தவர். அவரிடம் வந்த நோயாளி 38 வயதான மதுப்பீப்பாய் வியாபாரி. ஒரு நாளைக்கு 200 தடவை வரை தூக்கம் அவரைச் சாய்த்தது. வாய்விட்டுச் சிரித்தாலோ நல்ல வியாபாரம் படியும்போலத் தெரிந்தாலோ கால்கள் துவண்டன. சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தால் கையை அசைக்க முடியவில்லை. இதே போன்ற நோயாளிகளை பெர்லினில் கார்ல் வெஸ்ட்பால் 1877-லேயே விவரித்திருந்தார். ஆனால் பெயர் வைத்தவருக்கே நோய் சொந்தமானது.

சொல்லைப் பிரித்தால் இரண்டு கிரேக்கப் பகுதிகள். ‘நார்கே’ என்றால் மரத்துப்போதல், உணர்வு மங்கிக் கிடத்தல். தொட்ட கையை மரத்துப்போக வைக்கும் மின்திருக்கை மீனையும் கிரேக்கர்கள் நார்கே என்றே அழைத்தார்கள். போதைப்பொருளைக் குறிக்கும் நார்கோட்டிக் என்ற சொல்லும் இந்த வேரில் முளைத்ததுதான். ‘லெப்சிஸ்’ என்றால் பிடித்தல், பற்றிக்கொள்ளுதல். வலிப்பைக் குறிக்கும் எபிலெப்சியின் பின்பாதியும் இதுவே. ஆக, கிரேக்கச் சொல்லில் தூக்கம் என்ற பொருளே நேராக இல்லை. ‘மரமரப்பு வந்து பிடித்துக்கொள்வது’ என்பதே அதன் நேர்ப்பொருள். சளி பிடித்தது, பேய் பிடித்தது என்று நோயை ஆளைப் பிடிக்கும் ஒன்றாகப் பேசுவது தமிழுக்கும் பழக்கமே.

நோயின் குறிகளை முதலில் சொல்லிவிட வேண்டும். தமிழ்ப் பெயர் சரியா தப்பா என்பது அதை வைத்துத்தான் முடிவாகும். பகலில் அடக்க முடியாத தூக்கம் நோயாளிகள் எல்லோருக்கும் உண்டு. வகுப்பில், பேருந்தில், பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். 15 நிமிடம் தூங்கினால் தெளிந்து எழுவார்கள், இரண்டு மூன்று மணி நேரத்தில் மறுபடி வரும். இரண்டாவது குறி கேட்டப்ளெக்சி. சிரிப்பு, வியப்பு, கோபம் போன்ற உணர்ச்சி எழும் கணத்தில் தசைகள் தொய்ந்துவிடும். தாடை தொங்கும், தலை முன்னே சரியும், பேச்சு குழறும், முழங்கால் மடங்கும். சில நொடிகளிலிருந்து இரண்டு நிமிடம் வரை இருக்கும். அப்போது முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் உதறாது. ஆனால் நினைவு போகாது. சுற்றிலும் பேசுவது எல்லாம் காதில் விழும். இந்த ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாததால்தான் பலர் வலிப்பு நோயாளிகளாக ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்கியிருக்கிறார்கள்.

இன்னும் மூன்று குறிகள் சிலருக்கு வரும், சிலருக்கு வராது. விழித்தபின்னும் உடலை அசைக்க முடியாமல் கிடப்பது ஒன்று; ஊரில் அமுக்குவான் பேய் என்று சொல்வது இதைத்தான், நார்கோலெப்சி இல்லாதவர்களுக்கும் இது எப்போதாவது வரும். தூக்கத்தின் விளிம்பில் அறைக்குள் ஆள் நிற்பதுபோலத் தோன்றுவது மற்றொன்று. மூன்றாவது, இரவில் அடிக்கடி விழிப்பது. இந்த மூன்றாவதைக் கேட்டுப் பலர் வியப்பார்கள். ஆனால் நோயின் இயல்பே அதுதான். 24 மணி நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் இவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தூங்குவதில்லை. விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவில் உள்ள வேலிதான் சாய்ந்து கிடக்கிறது.

அந்த வேலி எதனால் ஆனது என்பதைக் கண்டுபிடித்ததில் பெரும்பங்கு எம்மானுவேல் மின்யோவுக்கு உண்டு. பாரிஸில் படித்த மருத்துவர். மோடாஃபினில் என்ற விழிப்பு மருந்து எப்படி வேலை செய்கிறது என்று ஆராய 1986-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே தூக்க மருத்துவத்தின் முன்னோடி வில்லியம் டிமென்ட் 1970-களிலிருந்தே நார்கோலெப்சி உள்ள நாய்களை வளர்த்துவந்தார். டாபர்மேன், லாப்ரடார் இனங்களில் சில குடும்பங்களில் நோய் பரம்பரையாக வந்தது. பிடித்த தீனியைக் கண்டதும் அந்த நாய்கள் ஓடிவரும். ஒரு வாய் தின்பதற்குள் பின்னங்கால் மடங்கி, அப்படியே தரையில் படுத்துவிடும். தீனித் துண்டுகளைத் தரையில் வரிசையாக வைத்து, தின்று முடிக்க எவ்வளவு நேரம், நடுவில் எத்தனை முறை விழுந்தது என்று எண்ணுவதே மருந்துகளைச் சோதிக்கும் முறை.

மருந்து வேலை ஓரளவு பலித்தது. மோடாஃபினில், டோபமின் என்ற மூளைச் செய்திப் பொருளைத் திரும்ப உறிஞ்சும் புரதத்தில் ஒட்டுகிறது என்று மின்யோ 1994-இல் காட்டினார். ஆனால் மருந்து தெரிந்ததால் நோயின் காரணம் தெரிந்துவிடவில்லை. டாபர்மேன்களில் நோய்க்குக் காரணமான மரபணுவைத் தேடி ஏறக்குறைய பத்தாண்டு உழைத்தார். நாயின் மரபணுத்தொகுதி அப்போது படிக்கப்படாத காலம். முதலில் கிடைத்த தடயம் ஆளைத் திசைதிருப்பியது: 1991-இல் நோயோடு சேர்ந்து வந்த அடையாளத் துண்டு, எதிர்ப்புப் புரத மரபணு ஒன்றைப்போல இருந்தது. மனித நோயாளிகளிடம் எச்எல்ஏ என்ற எதிர்ப்பாற்றல் மரபணு வகை மிகுந்திருப்பதை ஜப்பானியர்கள் அதற்கு முன்பே கண்டிருந்ததால், நாயிலும் அதே கதைதான் என்று நம்பத் தோன்றியது. கடைசியில் அது தற்செயலாகப் பக்கத்தில் கிடந்த துண்டு, அவ்வளவுதான். உண்மையான மரபணு 12-ஆம் குரோமோசோமில் இருந்தது. டாபர்மேனில் 226 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு அதற்குள் செருகிக்கொண்டிருந்தது; லாப்ரடாரில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. இரண்டிலும் கெட்டுப்போனது ஹைப்போகிரெட்டின் என்ற மூளைச் செய்திப் பொருளை வாங்கிக்கொள்ளும் இரண்டாம் வகை ஏற்பி. 1999 ஆகஸ்டில் இது வெளியானது. அதே சமயத்தில் டெக்சஸில் மசாஷி யனகிசாவா குழு, அதே செய்திப் பொருள் இல்லாத எலிகள் நடந்துகொண்டே சரிவதை இருட்டில் அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தது.

இங்கே பெயர்க்குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ளலாம். ஹைப்போகிரெட்டினும் ஒரெக்சினும் ஒன்றே. 1998-இன் தொடக்கத்தில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தன. ஒரு குழு, மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸில் சுரப்பதையும் செக்ரெட்டின் என்ற குடல் சுரப்பை ஒத்திருப்பதையும் சேர்த்து ஹைப்போகிரெட்டின் என்றது. யனகிசாவா, சகுராய் குழு எலியின் மூளைக்குள் அதைச் செலுத்தியபோது எலி அதிகம் தின்றதைப் பார்த்து, பசியைக் குறிக்கும் ‘ஒரெக்சிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து ஒரெக்சின் என்றது. மருந்து நிறுவனங்கள் ஒரெக்சின் என்றே எழுதுகின்றன. தமிழிலும் அதை வைத்துக்கொள்ளலாம். பசி என்ற பொருள் இன்று பொருந்தாவிட்டாலும், உச்சரிக்க எளிது.

நாயில் ஏற்பி கெட்டிருந்தது. மனிதரில் அப்படி இல்லை. 2000-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் நிஷினோவும் மின்யோவும் முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதித்தார்கள்: 9 நோயாளிகளில் 7 பேருக்கு ஒரெக்சின் அளக்கும் அளவுக்குக்கூட இல்லை, நோய் இல்லாத 8 பேருக்கும் இருந்தது. அதே ஆண்டு, இறந்த நோயாளிகளின் மூளையை ஆராய்ந்தபோது சுமார் 70,000 இருக்க வேண்டிய ஒரெக்சின் நரம்பணுக்களில் 85 முதல் 95 விழுக்காடு காணவில்லை. பக்கத்து அணுக்கள் நன்றாக இருந்தன. எனவே, ழெலினோ நினைத்ததுபோல எதுவும் வந்து ‘பிடிக்கவில்லை’. விழிப்பைத் தாங்கிப் பிடித்திருந்த ஒன்று போய்விட்டது.

அந்த அணுக்களை அழித்தது யார் என்ற கேள்வியில் மின்யோ இடறவும் செய்தார். உடலின் எதிர்ப்பாற்றலைச் சேர்ந்த டி-அணுக்களே அவற்றைத் தாக்குகின்றன என்று அவர் குழு 2013-இல் வெளியிட்ட கட்டுரையை, முடிவுகளை மறுபடி பெற முடியாததால் 2014-இல் திரும்பப் பெற்றார்கள். கருத்து தவறென்று ஆகிவிடவில்லை. 2018-இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் வேறு முறையில் அத்தகைய டி-அணுக்களை நோயாளிகளிடம் கண்டார்கள். இதற்கிடையில் 2009 பன்றிக்காய்ச்சல் பரவலுக்குப் பின் பெய்ஜிங்கில் புதிய நோயாளிகள் கூடினார்கள். ஃபின்லாந்திலும் ஸ்வீடனிலும் பாண்டெம்ரிக்ஸ் என்ற தடுப்பூசி போட்ட சிறுவர்களிடமும் நோய் கூடியது. டிக்யூபி1*06:02 என்ற எச்எல்ஏ வகை உள்ளவர்களிடம் தொற்று ஒன்று இந்தத் தாக்குதலைத் தூண்டுகிறது என்பதே இப்போதுள்ள விளக்கம். அந்த வகை உள்ள பெரும்பாலானோருக்கு நோய் வருவதே இல்லை என்பதால், அந்த மரபணுச் சோதனையை மட்டும் வைத்து நோய் உண்டு என்று சொல்லக் கூடாது. மின்யோவும் யனகிசாவாவும் 2023-ஆம் ஆண்டுக்கான பிரேக்த்ரூ அறிவியல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

நோயை உறுதிசெய்ய இரண்டு கட்டச் சோதனை. இரவில் தூக்கத்தைக் கருவிகளால் பதிவுசெய்யும் ‘ஸ்லீப் ஸ்டடி’, அதில் குறைந்தது 6 மணி நேரம் தூங்கியிருக்க வேண்டும். மறுநாள் பகலில், எவ்வளவு விரைவில் தூக்கம் வருகிறது என்று அளக்கும் எம்எஸ்எல்டி: இரண்டு மணி நேர இடைவெளியில் ஐந்து குட்டித் தூக்கம், முதலாவது விழித்து ஒன்றரை முதல் மூன்று மணி நேரத்துக்குள். 20 நிமிடத்தில் தூங்காவிட்டால் அந்த முறை முடிந்தது. தூங்கிவிட்டால் அதிலிருந்து 15 நிமிடம் பதிவு. தூங்க எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 8 நிமிடமோ அதற்குக் குறைவாகவோ இருந்து, குறைந்தது இரண்டு முறை 15 நிமிடத்துக்குள் கனவுத் தூக்கம் வந்திருந்தால் நார்கோலெப்சி. மற்றவர்களுக்குக் கனவுத் தூக்கம் வர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். இரவில் தூங்கத் தொடங்கிய 15 நிமிடத்துக்குள் அது வந்திருந்தால் அதையும் ஒன்றாகக் கணக்கில் எடுப்பார்கள்.

இந்தச் சோதனை கெடுவது எளிது. மனச்சோர்வு மருந்துகள் கனவுத் தூக்கத்தை அமுக்கும். இரண்டு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், ஃப்ளூஆக்ஸடினுக்கு இன்னும் அதிகம், ஏனெனில் அது உடலிலிருந்து வெளியேற வாரக்கணக்கில் ஆகும். சோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் சட்டென்று நிறுத்தினால் எதிர்மாறாக, அமுங்கியிருந்த கனவுத் தூக்கம் பொங்கி வந்து, நோய் இல்லாதவருக்கும் நோய் என்று காட்டும். நிறுத்துவதை மருத்துவரே சொல்ல வேண்டும். தேர்வுக்காக நான்கு மணி நேரம் தூங்கும் மாணவரும், ஷிப்டு வேலைக்காரரும் இதே முடிவைத் தருவார்கள். அதனால்தான் முன்னதாக ஒன்றிரண்டு வாரம் தூக்க நாட்குறிப்பு எழுதச் சொல்வது. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவருக்கு முதலில் அதைச் சரிசெய்த பிறகே இதைச் செய்ய வேண்டும். முதுகுத்தண்டு நீர்ச் சோதனைக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. ஒரெக்சின் மில்லிலிட்டருக்கு 110 பிகோகிராமோ அதற்குக் கீழோ இருந்தால் போதும். ஆனால் ஊசி குத்த வேண்டும், அளக்கும் ஆய்வகங்களும் குறைவு.

இனி தமிழ்ப் பெயர். ‘தூக்க நோய்’, ‘உறக்க நோய்’ என்று எழுதினால் ஆப்பிரிக்காவில் செட்சி ஈ கடித்து வரும் ஒட்டுண்ணி நோயைக் குறிக்கும். ‘மிகைத்துயில்’ பொருந்தாது, மொத்தத் தூக்கம் மிகையாவதில்லை என்று பார்த்தோம். ‘தூக்க வலிப்பு’ லெப்சிஸுக்கு நேரான மொழிபெயர்ப்புபோலத் தெரிந்தாலும் நோயாளியைத் தவறான மருத்துவரிடம் அனுப்பும். ‘துயில் மயக்கம்’ கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் “மயக்கம் போட்டு விழுந்துட்டான்” என்று சொன்னாலே கேட்பவர் நினைவு போனது என்றுதான் எடுத்துக்கொள்வார், அடுத்து இசிஜி எடுப்பார்கள்.

நார்கேவுக்கு மிக நெருங்கிய பழந்தமிழ்ச் சொல் ‘அனந்தல்’. தூக்கக் கலக்கம், சோம்பிக் கிடத்தல் என்று பொருள். எழுந்து கதவு திறக்காத தோழியைத் திருப்பாவை ‘ஆற்ற அனந்தல் உடையாய்’ என்கிறது. அனந்தற்பிணி என்று அழகாகவே ஆக்கலாம். இன்றைய வாசகருக்கு அதைக் கேட்டால் பாம்பணைதான் நினைவுக்கு வரும்.

எனவே ‘துயில்கவ்வு நோய்’ என்பதே நம் தேர்வு. இருள் கவ்வியது என்று சொல்லிப் பழகிய வினை, லெப்சிஸின் பொருளையும் விடவில்லை, வலிப்பையும் மயக்கத்தையும் இழுத்து வரவில்லை. கேட்டப்ளெக்சி என்பது ‘அடித்து வீழ்த்துதல்’ என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து 1902-இல் லியோபோல்ட் லோவன்ஃபெல்ட் இந்த நோய்க்குறிக்கு வைத்த பெயர். அதைத் தசைத்தொய்வு எனலாம். தசைச்சோர்வு என்று எழுதக் கூடாது, அது களைப்பு. அமுக்குவான் பேய்க்குத் துயில்முடக்கம்.

மருந்துச்சீட்டிலும் பரிந்துரைக் கடிதத்திலும் நார்கோலெப்சி என்றே இருக்கட்டும். கட்டுரையிலும் பாடநூலிலும் முதல் இடத்தில் இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டுப் பிறகு தமிழ்ப் பெயரோடு தொடரலாம். மருத்துவரிடம் போகும் வீட்டார் எந்தப் பெயரும் சொல்ல வேண்டாம். “சிரிச்சா முழங்கால் மடங்குது, ஆனா நாம பேசுறது எல்லாம் அவனுக்குக் கேட்குது” என்று நடந்ததைச் சொன்னால், அல்லது போனில் எடுத்த வீடியோவைக் காட்டினால், பாதிச் சோதனை அங்கேயே முடிந்துவிடும்.